ஹெர்கினா நதிக்கரையில்

கிரேக்கத்தில் ஏதென்ஸிலிருந்து பழைய கோயில் தலமான தெல்ஃபிக்குப் போகும் பாதை லிவாடியா ஊரை ஒட்டித்தான் செல்கிறது. பெரும்பாலானோர் அங்கே இறங்குவதில்லை. நான் ஹெர்கினா நதிக்காகவே இறங்கினேன்.

ஊர் முடிகிற இடத்தில் செங்குத்தான பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் பாறைக்கடியிலிருந்து ஊற்றுகள் பொங்குகின்றன. பெரிய மரங்களின் நிழலில் பழைய கல் பாலத்துக்குக் கீழே புகுந்து ஊருக்குள் ஓடுகிற சின்ன ஆறுதான் இது. ஆனால் இதன் பிறப்பே ஒரு தேவியின் கையால் நடந்தது என்கிறது புராணம். கிரேக்கர்களின் விளைச்சல் தேவி டிமீட்டரின் மகள் பெர்செஃபொனி, தோழி ஹெர்கினாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். தோழி பிடித்திருந்த வாத்து நழுவிக் குகைக்குள் ஓடி, கல்லுக்கடியில் ஒளிந்துகொண்டது. தேவி அந்தக் கல்லைத் தூக்கினாள். அந்த இடத்தில் தண்ணீர் பீறிட்டது. கரையில் அந்தத் தோழிக்கு ஒரு கோயிலும், கையில் வாத்தோடு நிற்கும் பெண்ணின் சிலையும் இருந்தனவாம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பௌசானியாஸ் என்ற யாத்ரீகர் எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது. இங்கே பூமிக்கடியிலிருந்து குறி சொல்வதாக நம்பப்பட்ட ட்ரோஃபோனியஸ் என்ற தெய்வத்திடம் குறி கேட்க வந்தவர்கள் சில நாள் தங்கித் தூய்மை நெறிகளைக் கடைப்பிடிப்பார்கள். வெந்நீரில் குளிக்கக் கூடாது, ஹெர்கினாவில்தான் நீராட வேண்டும். இரவில் பதின்மூன்று வயதுள்ள இரண்டு சிறுவர்கள் எண்ணெய் பூசி ஆற்றில் குளிப்பாட்டுவார்கள். அப்புறம் பூசாரிகள் இரண்டு ஊற்றுகளுக்கு அழைத்துப் போவார்கள். முதலில் குடிக்க வேண்டியது லெத்தே என்ற மறதி ஊற்றின் நீர்: அதுவரை மனதில் இருந்ததெல்லாம் மறக்க வேண்டும். பிறகு நினைவுத் தேவியான நெமோசினியின் நீர்: இனிக் காணப்போவது நினைவில் நிற்க வேண்டும். தேன் கலந்த பார்லி அப்பங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, குறி கேட்கும் இடத்தின் குறுகிய துவாரத்துக்குள் கால்களை முதலில் விட்டால், ஆற்றுச் சுழல் இழுப்பதுபோல உடல் உள்ளே போய்விடுமாம். கேட்டதை எழுதவில்லை, தானே அனுபவித்ததை எழுதுகிறேன் என்கிறார் பௌசானியாஸ். அந்த வரியைப் படித்த நாளிலிருந்தே இந்த நதியைத் தரிசிக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு.

ஊற்றை ஒட்டிய பாறையில் சதுரமாக வெட்டிய மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. காணிக்கைப் பொருள்கள் வைத்த இடங்கள். இப்போது எல்லாமே காலி. ஒரு மாடத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உளித்தடம் மழுங்கி வழவழவென்றிருந்தது. எத்தனை பேரின் வேண்டுதல் இங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

தண்ணீரில் கை வைத்தேன். விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி. தலையில் தெளித்துக்கொண்டு கும்பிட்டேன். பூசாரி இல்லை, மந்திரம் இல்லை, ஆனால் தீர்த்தம் மட்டும் நிற்கவே இல்லை. மறக்க வேண்டியதை மறக்கவும், மறக்கக் கூடாதவர்களை நினைவில் வைத்திருக்கவும் அருளும்படி வேண்டிக்கொண்டேன்.

உள்ளே போய்த் திரும்பியவர்களை நினைவுத் தேவியின் ஆசனத்தில் உட்காரவைத்து, கண்டதைக் கேட்பார்களாம். பயத்தில் உறைந்து வருகிறவருக்குப் பிறகு அறிவும் திரும்பும், சிரிப்பும் திரும்பும் என்று எழுதியிருக்கிறார் பௌசானியாஸ். தெல்ஃபி செல்லும் அன்பர்கள் லிவாடியாவில் அரைநாளாவது தங்கி, இந்த நதியைத் தரிசித்துவிட்டுப் போங்கள்.