ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: 'இன்று' என்பதை மாற்றி எழுதிய அனுபவம்

30 நாளுக்கு மேல் பணம் வராத பில்கள் எவை? எங்கள் நிலுவை அறிக்கைக்கு இந்த ஒரு கேள்விதான் அடிப்படை. ஆரக்கிள் டேட்டாபேஸில் 'சிஸ்டேட் - 30' (இன்றிலிருந்து 30 நாள் முன்) என்று இருந்ததை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது.

சிஸ்டேட்டில் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் ஒட்டியிருக்கும். பில்லிலும் நேரம் பதிவாகியிருந்ததால், காலையில் ஓட்டினால் ஒரு பட்டியல், மாலையில் இன்னொன்று. ட்ரங்க் போட்டு நேரத்தை வெட்டிய பிறகுதான் அது உண்மையான நாள் கணக்கு. போஸ்ட்கிரெஸின் கரண்ட்_டேட் வெறும் தேதி. 30ஐக் கழித்தால் தேதியே கிடைக்கும். அங்கே இன்டர்வல் (கால அளவு) போட்டுக் கழித்தால் விடை டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும் சேர்ந்தது) ஆகிவிடும், அதைத் திரும்பத் தேதியாக்க வேண்டும்.

அப்புறம் நேர மண்டலம். புதிய சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் ஊரில் நள்ளிரவு தாண்டி காலை 5.30 வரை அதற்கு இன்னும் நேற்றுதான். அறிக்கை அதிகாலையில் ஓடுவது. எனவே தற்போதைய நேரத்தை முதலில் இந்திய நேரமான ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்றி, பிறகு தேதியை எடுத்தேன்.

அதிக நேரம் பிடித்தது, பில்லின் கெடுவுக்கான மாதக் கணக்குதான். 2023 பிப்ரவரி 28ஓடு ஒரு மாதம் கூட்டினால் ஆரக்கிளின் ஆட்_மந்த்ஸ் மார்ச் 31 என்கிறது. மாதக் கடைசி நாள் என்றால் அடுத்த மாதமும் கடைசி நாள் என்பது அதன் விதி. போஸ்ட்கிரெஸ் மார்ச் 28 என்கிறது. கெடுவில் மூன்று நாள் வித்தியாசம்! எது சரி என்பதை டேட்டாபேஸ் முடிவு செய்யக் கூடாது, கணக்குப் பிரிவுதான் சொல்ல வேண்டும் என்று அவர்களிடமே கேட்டேன்.

ஒரு கிளையில் மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸ். அங்கே இன்றைய தேதிக்கான கர்டேட்டை வைத்து 'கர்டேட்() - 30' எழுதவே கூடாது. 2024 மார்ச் 15 அன்று அது தேதியை 20240315 என்ற எண்ணாக்கிக் கழித்து, 20240285 என்ற எண்ணைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதத்தின் 31ஆம் தேதி மட்டும் விடை சரியானது போலவே தோன்றும், அதுதான் ஆபத்து. இன்டர்வல் போட்டே கழிக்க வேண்டும்.

சோதனைக்காக, இன்றைய தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி குவெரியை (டேட்டாபேஸுக்கான கட்டளையை) மாற்றி, ஜனவரி 31, பிப்ரவரி 28, 29, டிசம்பர் 31 ஆகிய தேதிகளில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டேன். கணக்குப் பிரிவு மாதக் கடைசி விதியையே கேட்டது. கடைசி நாளில் போட்ட பில்களுக்கு மட்டும், அந்த மாதத்தின் முதல் தேதிக்குப் போய், இரண்டு மாதம் கூட்டி, ஒரு நாள் கழிக்கும்படி எழுதினேன். பட்டியல்கள் ஒத்துப்போயின.