பழுப்பு முத்திரை நோட்டுகள்: எண் சொல்வதைப் படிப்பது

1929 வரிசை அமெரிக்க நேஷனல் பேங்க் நோட்டுகளை, அதாவது மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கிகள் தங்கள் பெயரில் வெளியிட்ட நோட்டுகளை, பிரித்து அடுக்கி முடித்தாயிற்று.

முதலில் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டுகளைக் கழிக்க வேண்டும். அவற்றிலும் அதே பழுப்பு முத்திரை, மேலே அதே ‘நேஷனல் கரன்சி’, கருவூல அதிகாரிகளான ஜோன்ஸ், வுட்ஸ் இருவரின் அதே கையெழுத்துகள். சார்ட்டர் எண் (வங்கியின் உரிம எண்) இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் A முதல் L வரை ஏதோ ஓர் எழுத்து இருக்கும். முத்திரையின் நிறத்தை வைத்துப் பிரித்தால் இரண்டும் கலந்துவிடும்.

மிஞ்சியதில் இரண்டு வகை. சார்ட்டர் எண் கறுப்பில் மட்டும் இருந்தால் முதல் வகை. 1933 வரை அச்சானது. வரிசை எண்ணின் பக்கத்தில் பழுப்பிலும் இருந்தால் இரண்டாம் வகை, 1935 வரை. பிழை அதிகம் வருவது வரிசை எண்ணில்தான். முதல் வகையில் ஒரு தாளில் இருந்த ஆறு நோட்டுகளுக்கும் ஒரே எண். முன்னெழுத்து மட்டும் A முதல் F வரை மாறும், கடைசியிலும் ஓர் A வரும். அதனால் C001500A என்பது 1500ஆவது தாள். அந்தத் தாளோடு, அந்த மதிப்பில் அந்த வங்கிக்கு 9000 நோட்டுகள் ஆகின்றன. A001500 என்று பின்னெழுத்து இல்லாமல் இருந்தால் அது வெறும் 1500ஆவது நோட்டு. இதைக் குழப்பிக்கொண்டால் அரிதா, சாதாரணமா என்ற கணக்கே ஆறு மடங்கு தவறும்.

1902 வரிசையின் அளவில் பெரிய நோட்டுகளுக்கு வேறு கவனம் தேவை. முகப்பில் இருக்கும் தேதி அச்சடித்த நாள் அல்ல; அது அச்சுத் தகட்டுக்குரிய தேதி. காலத்தைக் குறுக்க எண்களே உதவும்: 1925 ஆகஸ்டுக்கு முன் கருவூலத்தின் வரிசை எண், வங்கியின் வரிசை எண் என இரண்டு, பிறகு இரு இடத்திலும் வங்கி எண்ணே. சார்ட்டர் எண் மங்கியிருந்தால் பக்கத்தில் வரும் வட்டார எழுத்தைத் தேடுங்கள். N நியூ இங்கிலாந்து, E கிழக்கு, S தெற்கு, M நடுமேற்கு, W மேற்கு, P பசிபிக். 1924க்குப் பிறகு இது இல்லை.

இந்த நோட்டுகள் பலவற்றில் வங்கி அதிகாரிகள் பேனாவால் கையெழுத்திட்டார்கள். மை மங்கிய இடத்தில் பிறகு யாரோ மேலெழுதியிருப்பதும் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் மடிப்புக் கோட்டைப் பாருங்கள். பழைய மை மடிப்போடு சேர்ந்து தேய்ந்து உடைந்திருக்கும். பிறகு போட்ட மை உடைந்த இழைகளுக்குள் இறங்கி, இரு பக்கமும் கசிந்து நிற்கும். மேலெழுதியதைவிட மங்கிய கையெழுத்தே மேல்.

எல்லாம் மைலார் உறைகளில் போய்விட்டன, பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். அடுத்து 1902 சிவப்பு முத்திரை நோட்டுகள்.