காரைக்குடியில் ஈசாப் கொடுப்பது: நாங்கள் செய்த முறை

நல்ல புரோகிராமரைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் விடாமல் காரைக்குடியிலேயே வைத்துக்கொள்ளச் சம்பளம் மட்டும் போதாது. பர்மா, மலேயா கடைகளுக்கு ஏஜெண்டு அனுப்பிய காலத்திலேயே மூன்று வருஷக் கணக்கு, சம்பளத்துக்கு மேல் லாபத்தில் பங்கு என்று பேசி அனுப்பிய ஊர் இது. இன்று அதற்கு ஈசாப் (ESOP): முன்பே குறித்த விலையில் கம்பெனிப் பங்கைப் பிற்பாடு வாங்கிக்கொள்ள ஊழியருக்குக் கொடுக்கும் உரிமை, அதாவது ஆப்ஷன்.

கூட்டு வணிகத்திலும் எல்எல்பியிலும் இது நடக்காது. பிரைவேட் லிமிடெட் போலப் பங்குகள் உள்ள கம்பெனி வேண்டும். ஆர்ட்டிகிள்ஸில் (கம்பெனியின் உள்விதிகளில்) இடமும், அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தில் மிச்சமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு போர்டு, பொதுக்குழுத் தீர்மானம். ஒருவருக்கே ஒரு வருஷத்தில் வெளியிட்ட மூலதனத்தில் 1% அல்லது அதற்கு மேல் கொடுத்தால் தனித் தீர்மானம். புரமோட்டருக்கும் (கம்பெனியைத் தொடங்கி நடத்துபவருக்கும்) 10%க்கு மேல் பங்குள்ள டைரக்டருக்கும் கொடுக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு மட்டும் முதல் 10 வருஷம் விலக்கு. குடும்பக் கம்பெனிகள் இதில்தான் இடறுகின்றன.

ஒதுக்கீட்டுக் கணக்கிலும் பிசகு வரும். 1,00,000 பங்கு இருக்கும்போது ஈசாப்புக்கு 10,000 ஒதுக்கினால் மொத்தம் 1,10,000-இல் 9.09% தான். 10% வேண்டுமென்றால் 11,111.

கொடுத்த நாளிலிருந்து வெஸ்டிங்குக்கு (ஆப்ஷன் ஊழியருக்கு உரிமையாவதற்கு) குறைந்தது ஒரு வருஷம் ஆக வேண்டும் என்பது சட்டம். நாங்கள் நான்கு வருஷம் வைத்தோம்: முதல் வருஷ முடிவில் 25%, பிறகு காலாண்டுக்கு ஒருமுறை.

ஊழியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது வரியை. எக்சர்சைஸ் விலை (ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும் விலை) 10 ரூபாய், மெர்ச்சண்ட் பேங்கர் பங்குக்குப் போட்ட மதிப்பு 400 என்றால், 1,000 பங்குக்கு அவர் கட்டுவது 10,000. மீதி 3,90,000 சம்பள வருமானம். 30% வரி அடுக்கில் இருப்பவருக்கு, 4% செஸ் சேர்த்து 1,21,680 ரூபாய் வரி. பங்கை விற்க ஆள் இல்லை, கையில் ஒரு காசு வரவில்லை, ஆனால் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் ஊழியருக்கு நம்பிக்கையே போய்விடும். அந்த மதிப்பறிக்கையும் எக்சர்சைஸ் நாளுக்கு 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது.

அதனால் வேலையை விட்டவருக்கு எக்சர்சைஸ் செய்ய 90 நாள் கெடு என்று மாதிரிப் படிவங்களில் இருப்பதை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் இவ்வளவு பணம் புரட்ட எத்தனை பேரால் முடியும்? சில வருஷமாவது கொடுங்கள். நாலு வருஷம் உழைத்துச் சம்பாதித்த உரிமை அது. ஊழியர் இறந்தால், அதுவரை கொடுத்த ஆப்ஷன் முழுவதும் அன்றே வாரிசுக்கோ நாமினிக்கோ சேரும். ஆகவே கிராண்ட் கடிதத்தோடு (ஆப்ஷன் கொடுக்கும் கடிதத்தோடு) நாமினேஷனையும் எழுதி வாங்கி, ஈசாப் விவரங்களை எழுதும் எஸ்ஹெச்-6 பதிவேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.