டிரைபாலஜி தேர்வு: அடிட்டிவ் பெயர்களை மட்டும் படித்தால் போதாது

மெக்கானிக்கல் கடைசி வருடத்தில் டிரைபாலஜியை (உராய்வு, தேய்மானம், மசகு பற்றிய படிப்பு) விருப்பப் பாடமாக எடுத்தேன். மசகு எண்ணெயில் சிறிதளவு கலக்கும் வேதிப்பொருளான அடிட்டிவ் பற்றி 16 மார்க் கேள்வி வந்தது. தெரிந்த பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதினேன், 5 மார்க்தான் கிடைத்தது. எது எந்த நிலையில் வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அப்புறம் ஸ்டிரிபெக் வளைகோட்டிலிருந்து ஆரம்பித்தேன்; வேகம், பாகுத்தன்மை, சுமை மாறும்போது உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம் அது. நீங்களும் முதலில் அதை வரைந்து பழகுங்கள். வேகமும் பாகுத்தன்மையும் போதுமான அளவு இருந்தால் எண்ணெய்ப் படலமே இரண்டு உலோகங்களையும் விலக்கி வைத்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும், வால்வை இயக்கும் கேமும் டேப்பெட்டும் உரசும் இடத்திலும் படலம் மெலிந்து உலோக மேடுகள் முட்டிக்கொள்ளும். தேய்மானத்தையும் உராய்வையும் குறைக்கும் அடிட்டிவ்கள் வேலை செய்வது அங்கேதான்.

எனக்கு இது புரிந்தது லேபில், நான்கு குண்டு சோதனையில். 12.7 மி.மீ. எஃகுக் குண்டுகள் மூன்றைக் கிண்ணத்தில் இறுக்கி, நான்காவதை மேலே வைத்து 40 கிலோ சுமையில், 75 டிகிரி செல்சியஸில், நிமிடத்துக்கு 1200 சுற்று என ஒரு மணி நேரம் ஓட்டினோம். வெறும் எண்ணெயில் ஓடிய குண்டில் அகலமான தழும்பு, உள்ளே ஆழக் கீறல்கள். இசட்.டி.டி.பி. (துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் உள்ள, தேய்மானம் தடுக்கும் அடிட்டிவ்) கலந்த எண்ணெயில் தழும்பு சிறியது. அதன்மேல் நீலமும் பழுப்புமாக ஒரு பூச்சு. துணியால் எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. உரசலில் எஃகின் மேலேயே வளர்ந்த துத்தநாக பாஸ்பேட் கண்ணாடிப் படலம் அது. தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். எஃகுக்குப் பதிலாக அது தேயும்; எண்ணெயில் அடிட்டிவ் இருக்கும்வரை மறுபடி வளரும்.

பலர் மார்க் இழப்பது அடுத்த இடத்தில். இசட்.டி.டி.பி. தேய்மானத்தைத்தான் குறைக்கிறது, உராய்வைச் சில நேரம் கூட்டவும் செய்யும். உராய்வைக் குறைப்பவை வேறு. கிளிசரால் மோனோஒலியேட் மூலக்கூறின் தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால்கள் நாற்று போல நெருக்கமாக நிற்கும். மாலிப்டினம் சேர்மங்கள் உரசும் இடத்தில் மாலிப்டினம் டைசல்பைடாக மாறும். அதன் அடுக்குகள் சீட்டுக்கட்டு போல வழுக்கும்.

வைவாவில் கேட்டார்கள்: "அதிக அழுத்தத்தைத் தாங்கும் கந்தக அடிட்டிவை எல்லா எண்ணெயிலும் சேர்த்தால் என்ன?" சரி, இதற்குத் தயாராகப் போங்கள். அந்தக் கந்தகம் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடாகித்தான் காக்கிறது. வினை வேகம் மிஞ்சினால் அதுவே அரிப்பு. பித்தளை, வெண்கலப் பாகங்கள் இன்னும் சீக்கிரம் கெடும்.