பழைய செஸ்னாவுக்கு ஓர் ஆட்டோபைலட்

1977ஆம் ஆண்டு தயாரான என் செஸ்னா 172என் விமானத்தில் ஆட்டோபைலட், அதாவது விமானத்தைத் தானே ஓட்டும் கருவி, இல்லாமல் இல்லை. நாவ்-ஓ-மாட்டிக் என்ற, இடவலச் சாய்வை மட்டும் கவனிக்கும் ஒற்றை அச்சுக் கருவி பேனலின் அடிப்பகுதியில் இருந்தது; நான் வாங்கிய நாளிலிருந்தே அதன்மேல் "இயங்காது" என்ற ஒட்டுச்சீட்டும் இருந்தது. ஆறு ஆண்டுகள் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கலிபோர்னியாவின் லிவர்மோரிலிருந்து கடற்கரைக்குப் போய்த் திரும்பும் முக்கால் மணி நேரப் பயணங்களுக்கு என் இரண்டு கைகளே போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஜூன் மாதக் காலையில் அந்த எண்ணம் மாறியது. மான்டரேயை மூடியிருந்த கடல்மேகத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களில், கட்டுப்பாட்டாளர் எனக்குப் புதிய வழித்தடம் ஒன்றை வாசித்தார். தொடையில் கட்டியிருந்த பலகையில் எழுதக் குனிந்தேன். இரண்டு இடக்குறிகளை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது விமானம் வலப்புறம் 25 பாகை சாய்ந்து இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் என் உடலுக்கு அது நேராகப் பறப்பதாகவே தோன்றியது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கவைத்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 நொடிகளே ஆயின என்பதை வகுப்பில் படித்திருக்கிறேன். எனக்குப் பயிற்சியும் உரிமமும் உண்டு. ஆனாலும் சமநிலையை உணர்த்தும் காது அவர்களுக்கு இருந்த அதே காதுதான். ஆகவே நான் கேட்டுக்கொண்ட கேள்வி எது சிறந்த ஆட்டோபைலட் என்பதன்று. குனிந்து எழுதும் அந்த இருபது நொடிகளில் என் விமானத்தை எது பிடித்துக்கொள்ளும் என்பதுதான்.

சொந்தமாகக் கட்டிய விமானம் வைத்திருப்பவர்கள் சந்தையில் கிடைப்பதை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். தொழிற்சாலை விமானத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, கருவிக்கும் விமான மாடலுக்கும் சேர்த்து எஸ்டிசி எனப்படும் துணை வகைச் சான்று வழங்கியிருக்க வேண்டும். உலகில் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் 172 என்பதால் எனக்கு இதில் சிரமம் இல்லை. பக்கத்துக் கொட்டகையில் அரிதான மாடல் ஒன்றை வைத்திருக்கும் நண்பர் தம் விமானத்தின் பெயர் பட்டியலில் வருவதற்காக இன்னும் காத்திருக்கிறார்.

என் பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சின. முதலாவது எஸ்-டெக் 55எக்ஸ். பல்லாயிரம் மணி நேரம் உழைத்த, மெக்கானிக்குகள் நன்கறிந்த கருவி. ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் என்ற வானொலிப் பாதையைப் பிடித்து இறங்கவும் தெரியும். ஆனால் அது திருப்பத்தின் வேகத்தை டர்ன் கோஆர்டினேட்டர் என்ற திருப்பம் காட்டும் கருவியிலிருந்து பெற்று வேலை செய்கிறது. விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நேரடியாக அறிவதில்லை. கொந்தளிப்பான காற்றில் அது சற்றே தாமதமாக விழித்துக்கொள்வதை நண்பரின் விமானத்தில் பார்த்திருந்தேன். இரண்டாவது, ட்ரூட்ராக் உருவாக்கி, 2019இல் அந்த நிறுவனத்தை பெண்டிக்ஸ்கிங் வாங்கிய பிறகு ஏரோக்ரூஸ் 100 என்ற பெயரில் வந்தது. நிலையை உணரும் தன் கைரோவைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், பேனலில் வேறு எது செத்தாலும் இது பிழைத்திருக்கும். அந்தத் தனித்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது செங்குத்துப் பாதையைப் பிடித்து ஓடுதளம்வரை இறங்காது. மேகத்துக்குள் இறங்கும்போதுதான் எனக்கு உதவி வேண்டும் என்பதால், மனமில்லாமல் அதைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

மூன்றாவது கார்மின் ஜிஎஃப்சி 500. சாய்வையும் மூக்கின் நிலையையும் அடிப்படையாகக் கொண்டு இயங்குவது. 2017இல் அறிவித்தபோது இரண்டு அச்சுகளுக்கு 6,995 டாலர் என்றார்கள். அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். விமானத்தின் நிலையைக் கருவி அறிய, அதைத் திரையில் காட்டும் ஜி5 என்ற மின்னணுத் தொடுவானம் ஒன்று வேண்டியிருந்தது. திசையைப் பிடிக்க இரண்டாவது ஜி5 ஒன்றையும் இறக்கையில் வைக்கும் காந்தமானியையும் சேர்த்தேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஜிஎன்எஸ் 430டபிள்யூ என்ற ஜிபிஎஸ் வழிகாட்டியோடு அது பேச ஓர் இணைப்புப் பெட்டியும் வேண்டியிருந்தது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள்; இங்கே அங்குசங்களின் விலை யானையை நெருங்கியது, நிறுவும் கூலி அதையும் தாண்டியது. ஒரே ஆறுதல், பழைய கருவிகளை இயக்கிவந்த 40 ஆண்டுப் பழைய வேக்குவம் பம்பையும் குழாய்களையும் கழற்றி எறிய முடிந்தது.

ஜிஎஃப்சி 500ஐ வாங்க முடிவுசெய்த பிறகு நான் அதிக நேரம் யோசித்தது, மூக்கின் நிலையைப் பிடிக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் ட்ரிம்மைத் தானே திருப்பும் சர்வோவை, அதாவது சிறு மோட்டாரை, சேர்ப்பதா வேண்டாமா என்பதைத்தான். அது இல்லாவிட்டால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் சர்வோ தானே பாரத்தைத் தாங்கிக்கொண்டு, ட்ரிம் சக்கரத்தைத் திருப்பும்படி நம்மிடம் கேட்கும். கவனிக்காமல் விட்டுவிட்டு ஆட்டோபைலட்டைத் துண்டித்தால், அதுவரை அடக்கி வைத்த அழுத்தம் முழுவதும் ஒரே நொடியில் கைக்கு வந்து மூக்கு துள்ளும். சர்வோவைச் சேர்த்தாலும் வேறொரு அபாயம் உண்டு. ஆட்டோபைலட் இயங்கும்போது யோக் என்ற கைப்பிடியைக் கையால் தள்ளினால், கருவி அதை எதிர்த்து ட்ரிம்மை மறுபக்கம் சுழற்றிக்கொண்டே போகும். எதிர்த்துப் போராடாமல் முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கைக்குப் பழக்கப்படுத்துவதே தீர்வு. சர்வோவைச் சேர்த்தேன். 

கருவியைப் பொருத்தும் கடையில் ஐந்து வாரம் என்று சொன்னார்கள், பதினொரு வாரம் ஆனது. காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தன. அதனால் கோபப்படவும் முடியவில்லை. இடையில் ஒருநாள் போனபோது, மெக்கானிக் இறக்கையின் அடியிலிருந்து கழற்றிய பழைய சர்வோவைக் கையில் கொடுத்தார். அதைக் கட்டுப்பாட்டுக் கம்பியோடு இணைத்திருந்த சிறுகம்பியில் மூன்று இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. இயங்காத கருவி என்று ஆறு ஆண்டுகள் நான் மறந்திருந்த பொருள், விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகையான என் ஏய்லரானோடு கட்டப்பட்டபடியே என்னுடன் பறந்திருக்கிறது. பயன்படுத்தாத ஆட்டோபைலட் வைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டுச் சோதனையில் அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.

வேலை முடிந்தபின் எடை, சமநிலைக் கணக்கைத் திருத்தினார்கள். மாற்றத்தைப் பதிவுசெய்யும் 337 என்ற படிவம் ஓக்லஹோமா நகரிலுள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்குப் போனது. விமானக் கையேட்டின் துணை ஏடு இருக்கைக்குப் பின்னால் ஏறியது. முதல் பறப்பில் இடவலச் சாய்வு கோடு போட்டதுபோல நின்றது. உயரம் மட்டும் நிற்கவில்லை. முப்பது நாற்பது அடி மேலே ஏறும், பிறகு அதே அளவு கீழே இறங்கும், தொட்டில் ஆடுவதுபோல. கருவியில் பழுது என்றே நான் முடிவுகட்டியிருந்தேன். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் வாலருகே படுத்து, இழுவிசைமானியை எலிவேட்டர் கம்பியில் மாட்டிக் காட்டினார். முள் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே நின்றது. கம்பி தளர்ந்திருந்ததால் சர்வோ இட்ட கட்டளை தாமதமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது, கையால் ஓட்டும்போது அதை நானே அறியாமல் சரிசெய்து வந்திருக்கிறேன். கம்பியை இறுக்கியதும் ஆட்டம் நின்றது.

கருவி என்னைக் கைவிடவில்லை, நான்தான் அதை ஒருமுறை கைவிட்டேன். ஸ்டாக்டனில் பயிற்சி இறக்கத்தின்போது, திசை முறையில் பறந்துகொண்டிருந்த விமானம் தானே பாதையைப் பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். இறங்கும் பாதையைப் பிடிக்கச் சொல்லும் அப்ரோச் பொத்தானை அழுத்த மறந்திருந்ததால், அது மிகவும் கீழ்ப்படிதலோடு ஓடுதளப் பாதையைக் குறுக்கே கடந்து போனது. அன்றிலிருந்து எந்தப் பொத்தானை அழுத்தினாலும், ஜி5இன் உச்சியில் பச்சையில் எது எரிகிறது, வெள்ளையில் எது காத்திருக்கிறது என்பதை வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து இருக்கையில் முதன்முறை உட்காருபவர்கள் நான் யாரோடு பேசுகிறேன் என்று கேட்கிறார்கள்.