போர்ன்ஹோம் களிமண் விளக்குகள்

டென்மார்க்கின் 1960கள் காலத்துச் சுடுமண் மேசை விளக்கு எங்கே கண்ணில் பட்டாலும் நின்றுவிடுவேன். பால்டிக் கடலில் இருக்கும் போர்ன்ஹோம் தீவில் நல்ல களிமண் உண்டு. குயத்தொழில் அங்கே வேரூன்றியது அதனால்தான். ரோன்னே ஊரில் சோஹோல்ம் பட்டறை 1835இல் தொடங்கியது, யோர்த் குடும்பத்தின் பட்டறை 1859இல். ஜாடி, குவளை என்று வளர்ந்த அந்த மரபில் விளக்கும் அப்புறம் சேர்ந்துகொண்டது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது போர்ன்ஹோமில் அல்ல, கோபன்ஹேகன் பக்கம் இருந்த பால்ஷுஸ் பட்டறையின் விளக்குகள்தான். அதை நடத்திய பெர், அன்னலீசே தம்பதி, சுட்ட மண்ணைப் பொடித்துக் களிமண்ணோடு கலந்தார்கள். அந்தச் சொரசொரப்பை மறைக்கவே இல்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு குருணையும் தெரியும், அவ்வளவு அழகு! மேலே லே கிளிண்ட் என்ற டேனிஷ் நிறுவனத்தின் மடிப்பு ஷேடும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வாங்குபவர்கள் அடிப்பக்கத்தில் பட்டறையின் முத்திரையைப் பாருங்கள். பழைய வயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.