பார்லி முற்றியதை அறிதல்: ஷெகாவதி முதல் லடாக் வரை

மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) தயாரிப்புக்குப் பார்லி கொள்முதல் செய்யும் நிறுவனமொன்றில் களப் பணியாளராக இருந்தபோது, அறுவடைக்கு முன் வயல்களைப் பார்வையிட்டு, எந்த வயலை எப்போது அறுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. ராஜஸ்தானில் நவம்பர் வாக்கில் விதைக்கப்படும் பார்லி மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை முற்றுகிறது. ஆனால் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் விதைத்திருந்தாலும், ஷெகாவதி எனப்படும் சீகர், ஜுன்ஜுனு மாவட்டப் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் அது முந்திக்கொள்ளும். கால்வாய்ப் பாசனம் உள்ள ஸ்ரீகங்காநகரில் பிந்தும். ஆகவே ஷெகாவதியில் தொடங்கி வடக்கு நோக்கிப் போவதே எங்கள் வழக்கம்.

சாலையில் நின்று பார்த்தால் வயல் முழுதும் பொன்னிறமாகத்தான் தெரியும். அந்த நிறத்தை நம்பி எதையும் எழுதக் கூடாது. வரப்போரத்துப் பயிர் வெயிலும் காற்றும் கூடுதலாகப் பட்டு முதலில் காய்ந்துவிடும். பள்ளத்தில் நீர் தங்கிய இடத்திலோ பிந்திக் கிளைத்த தூர்களில் பச்சைக் கதிர்கள் இன்னும் நிமிர்ந்தே நிற்கும். வரப்பிலிருந்து நன்றாக உள்ளே போய், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மேட்டிலும் பள்ளத்திலும் கதிர்களைக் கொய்து பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

நெற்பயிரோடு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நெல்லில் கதிரின் நுனியிலிருந்து அடி நோக்கி மணி முற்றுவதால் அடிமணியைப் பார்த்தால் போதும். பார்லியிலோ கதிரின் நடுப்பகுதி முதலில் பூப்பதால், நடுமணி முற்றிய பின்னும் நுனியிலும் அடியிலும் இளமணிகள் இருக்கக்கூடும். மூன்று இடங்களிலும் எடுத்துப் பார்ப்பதே சரி. ஆறு வரிசைக் கதிராக இருந்தால் மெலிந்த பக்க மணிகளையும் விடக் கூடாது. உமியிலும் கதிர்க்காம்பிலும் பச்சை முழுவதும் மறைந்துவிட்டால் மணி இனிமேல் பருக்காது என்று பொருள். ஆனால் அப்போதும் அதில் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்கும். மால்ட்டுக்கான பார்லியைச் சேமித்து வைக்க அது 12 சதவீத அளவுக்கு இறங்கியாக வேண்டும். இந்த இடைவெளிதான் மிகவும் கவலை தரும் காலம். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் குலைவு அந்த நாட்களில் மழையையோ ஆலங்கட்டியையோ கொண்டுவந்தால் மணி கறுக்கும். சில சமயம் கதிரிலேயே முளைவிடும்.

சீகர் பக்கத்து ஊரொன்றில் முதிய விவசாயி ஒருவர் என் கண் முன்னே கதிரை உள்ளங்கையில் கசக்கி, மீசைகளை ஊதிவிட்டு, மணியை முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகத்தின் தடம் விழவில்லை. பிறகு பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். மணி நசுங்காமல் பட்டென்று உடைந்தது. "ஐயா, இன்னும் நாலு நாள் மேற்குக் காற்று அடித்தால் அறுத்துவிடலாம்" என்றார். ஈரமானியில் அதே மணிகளை இட்டுப் பார்த்தபோது அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: காலைப் பனி உலராத நேரத்தில் எடுத்த அளவு பயிரின் ஈரத்தைக் காட்டாது. நண்பகல் கடந்த பிறகே அளக்க வேண்டும்.

ஸ்ரீகங்காநகரில் கடைசித் தண்ணீர் எப்போது கட்டினார்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பிந்திக் கட்டிய வயலில் புதுத் தூர்கள் கிளைத்து, முற்றிய மணியும் பச்சை மணியும் ஒரே மூட்டையில் கலந்துவிடும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2022 மார்ச் மாதம், இந்தியாவில் பதிவான மார்ச் மாதங்களிலேயே மிக வெப்பமானது. அத்தகைய வெயிலில் பால் பிடிக்கும் பருவம் சுருங்கிவிடுவதால் வயல் சீக்கிரமே மஞ்சளாகிறது, ஆனால் மணி பருக்காமல் சூம்பி, புரதம் கூடிப்போகிறது. காய்வது வேறு, முற்றுவது வேறு என்பதை அத்தகைய வயலில் நின்றால்தான் உணர முடியும்.

மால்ட்டுக்கு உயிருள்ள மணி வேண்டும். முளைக்காத பார்லியால் பயனில்லை. புதிதாக அறுத்த மணி உறக்கநிலையில் இருந்தால் ஊறவைத்தாலும் முளைக்காது. அதனால் உயிரற்றது என்று தள்ளிவிடாமல், மணியை நெடுக்கில் பிளந்து டெட்ரசோலியம் கரைசலில் இட்டுப் பார்ப்போம். உயிருள்ள முளைக்கரு சிவந்துவிடும். கதிரடிப்பில் உமி உரிந்த மணிகளையும் எண்ணிப் பிரிப்போம், ஏனெனில் அளவுக்கு மீறிக் காய்ந்த பயிரை வேகமாக அடித்தால் உமி கழன்றுவிடும்.

லடாக்கில் இந்த நாட்காட்டியே பொருந்தாது. அங்கே வசந்தத்தில் விதைத்து, கோடை முடிவில் அறுக்கிறார்கள். கீழ்ப்பகுதியான ஷாம் கிராமங்களில் முதலில் முற்றும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே பகுதியில் பின்னர்தான் அறுவடை. வறுத்து மாவாக்கி உண்பதற்கான, உமி மணியோடு ஒட்டியிராத ‘உமியற்ற’ பார்லி அது என்பதால், உமியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், கசக்கியதும் மணி தானாகக் கழன்று விழுகிறதா, நகத்துக்குக் கடினமாக இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே பள்ளத்தாக்கில் உயரம் மாறும்போதெல்லாம் பருவமும் மாறுவதால், கீழ் ஊரின் அறுவடை நாளை வைத்து மேல் ஊருக்கு நாள் குறிக்க நான் துணிந்ததில்லை; ஒவ்வொரு ஊரிலும் வயலுக்குள் இறங்கிய பிறகே படிவத்தை நிரப்பினேன்.